திரையிற் காணும் வறுமை: பிரித்தானியக் குடியிருப்புகளும் மெய்ம்மைக் காட்சிகளும்

ஒரு பொருளை ஆராயப் புகுவார் முதற்கண் அதனைக் குறிக்குஞ் சொல்லைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். 'எஸ்டேட்' என்னும் ஆங்கிலச் சொல் இலங்கையர் செவியில் விழுந்ததும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமே அவர் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலோ அச்சொல் பெரும்பாலும் வேறொன்றனைச் சுட்டும். நகரசபையோ வீடமைப்புச் சங்கமோ கட்டிக் குறைந்த வாடகைக்கு விட்ட வீட்டுத் தொகுதியே அங்கு 'எஸ்டேட்' எனப்படும். ஸ்கொட்லாந்து மக்கள் அதனை 'ஸ்கீம்' என்பர். இலண்டனிற் குடியேறிய எம்மவர் 'கவுன்சில் வீடு' என்று சொல்லிப் பழகிய வீடுகளும் இவ்வினத்தனவே. இக்கட்டுரையிற் 'குடியிருப்பு' என வருமிடமெல்லாம் இப்பொருளே கொள்க.

இனி, மெய்ம்மைக் காட்சி என்பது யாது? நடிகரை அமர்த்தாமலும் வசனம் எழுதாமலும் மெய்யான மாந்தரை அவர்தம் வாழ்விடத்திலேயே படம்பிடித்துத் தொலைக்காட்சியிலே தொடராகக் காட்டுவது மெய்ம்மைக் காட்சி. பொதுமக்கள் 'றியாலிற்றி ஷோ' என்று வழங்குவதும் இதனையே. ஆட்டம் பாட்டுப் போட்டிகளும் இப்பெயரால் வழங்குமெனினும் அவை ஈண்டு எமக்கு வேண்டா. 2010 தொடக்கம் 2015 வரையுள்ள காலத்திற் பிரித்தானியத் தொலைக்காட்சியிலே வறிய குடியிருப்புகளின் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவை காட்டிய வறுமை பொய்யன்று. அவ்வீடுகளும் அம்மாந்தரும் மெய்யே. எனினும் அவ்வறுமை எங்கிருந்து வந்தது என்னும் வினா அத்தொடர்களில் எழுவதேயில்லை. காரணம் மறைக்கப்பட்டவிடத்துக் காரியமானது அதனை உடைய ஆளின் குணம்போலத் தோன்றும். இத்தோற்றத்தின் இயல்பையும் அதன் விளைவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய தொடரொன்றின் துண்டினைக் கைத்தொலைபேசியிற் பார்த்த மாணவன் ஒருவன், "சேர், வெள்ளைக்காரருக்குள்ளும் ஏழைகள் இருக்கினமா?" என்று எம்மை வினவினான். நகைப்புக்குரிய வினாப்போலத் தோன்றினும் இதற்கு விடைகூற நூற்றாண்டுக் கால வரலாறு வேண்டப்படும்.

முதலாம் உலகப் போர் முடிந்ததும், போரினின்று மீண்டோர்க்கு நல்ல வீடு அமைத்துக் கொடுத்தல் அரசின் கடன் என்னும் எண்ணம் பிரித்தானியாவில் வலுப்பெற்றது. 1919 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வீடமைப்புச் சட்டம், அதனைக் கொண்டுவந்த அமைச்சரின் பெயரால் அடிசன் சட்டம் எனப்படுவது, உள்ளூராட்சி மன்றங்களுக்கு அரசிறையின் உதவியுடன் வீடு கட்டும் பொறுப்பை அளித்தது. இலண்டன் மாவட்ட மன்றம் 1921 ஆம் ஆண்டு தொடக்கம் 1935 ஆம் ஆண்டு வரை பெக்கொன்றீ என்னுமிடத்தில் ஏறத்தாழ 26,000 வீடுகளை எழுப்பியது. கிழக்கிலண்டனின் இருண்ட சந்துகளில் ஓரறையில் ஒரு குடும்பமாக நெருங்கி வாழ்ந்தோர்க்கு வீட்டினுள்ளேயே குளியலறையும் வீட்டின்முன் சிறு தோட்டமும் கிடைத்தன. இரண்டாம் உலகப் போரின் பின் சுகாதாரத்துடன் வீடமைப்பையும் பொறுப்பேற்றிருந்த அனியூரின் பெவன் என்பார், வைத்தியரும் கடைக்காரரும் தொழிலாளியும் ஒரே தெருவில் அயலவராக வாழ்தல் வேண்டும் என்னுங் கொள்கையுடையவர். உள்ளூராட்சி மன்ற வீடுகள் தொழிலாளர் வகுப்பினர்க்கே உரியன என்றிருந்த வரையறை 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. எழுபதுகளின் இறுதியிற் பிரித்தானியக் குடும்பங்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இத்தகைய வீடுகளில் வாழ்ந்தது. ஆசிரியரும் தாதியரும் பேருந்துச் சாரதியரும் அங்கிருந்தனர். அங்கு வாழ்தல் இழிவெனப் பொதுவாகக் கருதப்படவில்லை.

நிலைமையை மாற்றியது 1980 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம். தாம் வாடகைக்கிருந்த வீட்டை வாங்கும் உரிமையை அது குடியிருந்தோர்க்கு அளித்தது. மூன்றாண்டு குடியிருந்தவர்க்கு விலையில் நூற்றுக்கு 33 பங்கு தள்ளுபடி. நெடுங்காலம் இருந்தவர்க்கு நூற்றுக்கு 50 வரை தள்ளுபடி. பலர் வாங்கினர், நன்மையும் பெற்றனர். அதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயின் விற்ற பணத்தைக் கொண்டு புதுவீடு கட்டுதற்கு மன்றங்களுக்குக் கடுந்தடைகள் விதிக்கப்பட்டன. நல்ல வீடுகளும் அவற்றை வாங்கும் ஆற்றலுடையோரும் ஒருங்கே நீங்க, எஞ்சிய வீடுகள் மிகவும் இடருற்றோர்க்கே பகிர்ந்தளிக்கப்பட்டன. வீடிழந்தோர், நோயாளர், தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் ஆகியோர் ஓரிடத்துச் சேர்ந்தமை அவர்தம் இயல்பினால் நேர்ந்ததன்று. சல்லடையில் எஞ்சிய மணியைக் கண்டு விளைந்த வயலே அத்தன்மைத்து என்பார் போலப் பிற்காலத்தார் குடியிருப்புகளைப் பேசலாயினர்.

படப்பிடிப்புக் கருவி இம்மக்களிடம் சென்ற வரலாறும் பழையது. 1935 ஆம் ஆண்டில் ஆதர் எல்ரன், எட்கார் அன்ஸ்ரி என்னும் இருவர் 'வீடமைப்புப் பிரச்சினைகள்' எனப் பொருள்படும் பெயருடன் சிறு விவரணப்படம் ஒன்றை ஆக்கினர். கிழக்கிலண்டனின் ஸ்ரெப்னிப் பகுதியில் இடிந்து விழும் வீடுகளில் வாழ்ந்தோர் அதிலே கருவியை நேர்நோக்கித் தம் குரலிலேயே பேசினர். சுவரில் ஊரும் பூச்சியையும் அறையில் ஓடும் எலியையும் பற்றி அவர் உரைக்க, அச்சுவரும் அவ்வறையும் காட்டப்பட்டன. எளிய மக்கள் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்குமாறு செய்த முதற் படங்களுள் ஒன்றென இதனைத் திரைப்பட வரலாற்றாசிரியர் போற்றுவர். அப்படத்துக்குப் பணம் உதவியது எரிவாயு வணிகர் சங்கம் என்பதையும் மறத்தலாகாது. புதுவீடுகள் எழுந்தால் எரிவாயு அடுப்புகள் விலைபோகும் அன்றோ! எனினும், வணிகர் நோக்கம் எதுவாயினும், அப்படத்திற் பழி சுவரின் மேலேயே விழுந்தது. சுவரினுள்ளே வாழ்ந்தோர் மேல் விழவில்லை.

1966 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பி.பி.சி. ஒளிபரப்பிய 'கதி, வீட்டுக்கு வா' என்னும் நாடகம் புனைவேயாயினும் விவரணப்படம் போன்று அமைந்தது. கென் லோச் அதனை இயக்கினார். விபத்தொன்றினால் கணவன் தொழிலிழக்க, வீடிழந்து, ஈற்றிற் பிள்ளைகளையும் பறிகொடுக்கும் இளந்தாயின் கதை அது. ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் மக்கள் அதனைக் கண்டனர் என்பர். அங்கே ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் முன்னர் அதன் காரணம் காட்டப்பட்டது. 1974 ஆம் ஆண்டில் போல் வற்சன் என்பவர் றெடிங் நகரத்துப் பேருந்துச் சாரதி ஒருவரின் குடும்பத்தைப் பன்னிரண்டு பகுதிகளாகக் காட்டியபோது, வீட்டினுள்ளேயே கருவியுடன் தங்கிப் படமெடுக்கும் முறை பிரித்தானியாவில் வேரூன்றியது. சண்டையும் சமாதானமும் சோற்றுக்கவலையும் காதலும் உள்ளவாறே திரைக்கு வந்தன. ஊராரின் பழிச்சொல்லும் அக்குடும்பத்தாருக்கு உடன்வந்தது.

2000 ஆம் ஆண்டுக்குப் பின் இக்கலை வணிகமாகப் பெருகியது. நடிகர்க்கும் எழுத்தாளர்க்கும் கூலி கொடுக்க வேண்டாமையின் செலவு குறைவு. பார்ப்போரோ பலர். 2010 ஆம் ஆண்டில் பி.பி.சி.யின் ஸ்கொட்லாந்துப் பிரிவு 'ஸ்கீம்' என்னும் பெயரிலேயே கில்மார்னொக் நகரின் ஒன்தாங்க், நொக்கின்லோ குடியிருப்புகளைக் காட்டியது. முதலிரு பகுதிகள் காட்டப்பட்டபின் வழக்கொன்றன் காரணமாகத் தொடர் இடைநிறுத்தப்பட்டு 2011 இலேயே முழுதுங் காட்டப்பட்டது. 2013 ஆம் ஆண்டில் மஞ்செஸ்ரரின் ஹார்ப்பர்ஹே பகுதி பற்றிய தொடர் வெளிவர, தம் ஊர் இழிவுபடுத்தப்பட்டதென அவ்வூரார் குரலெழுப்பினர். அதே ஆண்டிற் சனல் நான்கு என்னும் நிறுவனம் ஸ்கந்தோர்ப்பின் வெஸ்ற்கிளிஃப் குடியிருப்பைக் 'கையில் காசில்லை' எனப் பொருள்படும் கொச்சைச் சொல்லைத் தலைப்பாக்கிக் காட்டியது.

இவையனைத்தினும் பேர் பெற்றது 2014 ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நிறுவனம் தொடங்கிய 'பெனிபிற்ஸ் ஸ்றீற்' என்பது. அரச உதவிப்பணத் தெரு என இதனைத் தமிழாக்கலாம். பேர்மிங்காம் நகரின் வின்சன் கிறீன் பகுதியிலுள்ள ஜேம்ஸ் ரேணர் தெருவே அதன் களம். உண்மையில் அது நகரசபைக் குடியிருப்பன்று. ஒட்டியொட்டிக் கட்டப்பட்ட பழைய செங்கல் வீடுகளைக் கொண்ட சாதாரண தெரு. எனினும் தொடரின் சுவையும் போக்கும் முற்கூறியவற்றோடு ஒத்தனவே. முதற் பகுதியை நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டனர். கடைகளிற் களவெடுக்கும் முறையை ஒருவர் விளக்கிக் காட்டும் காட்சி அப்பகுதியிலேயே இடம்பெற்றது. சமூக வலைத்தளங்களில் அத்தெருவார் மீது வசைமாரி பொழிந்தது. பொலிசாரும் கவனஞ் செலுத்தினர். அயலுறவின் சிறப்பைக் காட்டப்போவதாகவே தமக்குச் சொல்லப்பட்டதென்று தெருவாருட் சிலர் முறையிட்டனர். தாம் அவர்களை ஏமாற்றவில்லை எனத் தயாரிப்பாளர் மறுத்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகளை ஆராய்ந்த ஒளிபரப்புக் கட்டுப்பாட்டுச் சபை, விதி எதுவும் மீறப்படவில்லை என 2014 யூன் மாதத்திலே தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பே எம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல். விதி மீறப்படவில்லை என்பது மெய்யாகலாம். பொய் ஒன்றேனும் சொல்லாமலே உண்மையினின்று வெகுதூரம் செல்லுதல் கூடும் என்பதே நாம் கவனிக்கற்பாலது. அஃது எவ்வாறு நிகழ்கின்றதெனப் பார்ப்போம்.

முதலாவது, கத்தரிக்கோலின் தொழில். பல மாதங்கள் எடுத்த படம் ஐந்து பகுதிகளாகச் சுருங்குகின்றது. காலையில் எழுந்து வேலைக்குப் போய் மாலையில் மீள்பவர் கருவிக்கு அகப்படார். அகப்படினும் சுவை தாரார். பகலெல்லாம் வாயிற்படியில் இருப்பவர், உரத்துப் பேசுபவர், குடித்துத் தள்ளாடுபவர் ஆகியோரே படத்துக்கு ஏற்றவர். நூறு வீட்டுத் தெருவில் நாலைந்து வீட்டார் தெருவாக நிற்கின்றனர். நாடகத்தில் ஐந்து பாத்திரம் நாட்டுமக்கள் அனைவரையும் குறிப்பின் நாம் அதனைக் கலை வழக்கென ஏற்போம். இங்கோ இது நாடகமன்று, மெய் எனப் பறைசாற்றிய பின்னரே காட்டப்படுகின்றது. இதனுடன் பின்னணிக் குரலொன்று சேரும். குறும்புச் சிரிப்பூட்டும் இசை சேரும். முன்பின்னாகக் கோத்த இரு காட்சிகள் சேரும். உதவிப்பணம் போதவில்லை என ஒருவர் சொல்லும் காட்சியை அடுத்து அவர் சிகரற் புகைக்கும் காட்சியை வைத்தால், சொல்லாத வழக்குரை ஒன்று சொல்லப்பட்டதாகிவிடும். தலைப்போ முன்னரே தீர்ப்பைக் கூறிவிடுகின்றது. வின்சன் கிறீன் தெரு என்று பெயரிட்டிருப்பின் காண்போர் மனம் வேறு வழியிற் சென்றிருக்கும்.

உள்ளதைத் தெரிந்தெடுத்தலோடு நில்லாது இல்லாததை வைத்தலும் சிலவேளை நிகழ்ந்ததுண்டு. தென்னிலண்டனிலுள்ள எயில்ஸ்பெரிக் குடியிருப்பு 1963 இலிருந்து 1977 வரை எழுந்த பெருந்தொகுதி. ஏறத்தாழ 2,700 வீடுகளைக் கொண்டிருந்தது. 1997 ஆம் ஆண்டு யூன் 2 ஆம் திகதி, பிரதமரான ரொனி பிளேயர் தம் முதற் பொதுச் சொற்பொழிவை நிகழ்த்தத் தேர்ந்த இடமும் அதுவே. நிகழ்ச்சிகளுக்கு இடையே தன் இலச்சினையைக் காட்டுதற்காகச் சனல் நான்கு 2004 ஆம் ஆண்டில் அங்கே குறும்படம் ஒன்று எடுத்தது. ஆளரவமற்ற நடைபாதைகளில் துவைத்த துணிகள் தொங்குகின்றன. கடைத் தள்ளுவண்டி கிடக்கின்றது. குப்பைப் பைகள் சிதறுகின்றன. அத்துணிகளும் வண்டியும் குப்பையும் படப்பிடிப்பாளர் சேர்த்தவை. குடியிருப்பாளர் எத்தனை முறை கூட்டிப் பெருக்கினும், பல்லாண்டு காலமாக நாடோறும் அக்குப்பை நாட்டு மக்கள் யாவருடைய வீட்டிலும் மீண்டும் மீண்டும் விழுந்துகொண்டேயிருந்தது.

இவற்றினும் நுட்பமானது காலத்தை வெட்டிவிடுதல். தமிழிலக்கண நூலார் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றிற் பிறப்பன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். பாலை வழிச் சென்றோன் பிறர்பொருளைப் பறித்தான் எனின், முல்லையும் குறிஞ்சியும் வெயிலாற் றிரிந்து பாலையாயின என்பதையும் உடன்வைத்தே நம் முன்னோர் அதனைச் சிந்தித்தனர். முதற்பொருளின்றி உரிப்பொருள் மட்டும் நிற்பின் அங்கே எயினன் இல்லை. கள்வன் மட்டுமே உளன். மெய்ம்மைக் காட்சிகள் உரிப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டன. நிலம் எவ்வாறு திரிந்தது என அவை கேளா.

கில்மார்னொக் நகரை எடுத்துக்கொள்வோம். ஜோனி வோக்கர் என்னும் மதுவகை 1820 ஆம் ஆண்டில் அந்நகரத்துப் பலசரக்குக் கடையொன்றிற் பிறந்தது. அந்நகரிலிருந்த போத்தலடைக்கும் ஆலையை மூடப்போவதாக அதன் உரிமையாளரான டியாஜியோ நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் அறிவித்தது. ஏறத்தாழ 700 பேரின் தொழில் அதில் தங்கியிருந்தது. பல்லாயிரவர் ஊர்வலம் சென்றும் பயனின்றி 2012 ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது. அறிவிப்புக்கும் மூடுதலுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் ஒன்தாங்க் மக்களின் குடியும் சண்டையும் நாட்டுக்குக் காட்டப்பட்டன. ஸ்கந்தோர்ப் உருக்காலைகளால் வாழ்ந்த நகர். அங்கே நோர்மன்பி பார்க் ஆலை 1981 இலே மூடப்பட்டது. வின்சன் கிறீனும் அதனை அடுத்த ஸ்மெதிக்கும் நீராவி இயந்திர காலந்தொட்டே வார்ப்படச்சாலைகள் நிறைந்த நிலம். போல்ற்றன், வற் என்போரின் சோகோ வார்ப்படச்சாலை அப்பக்கத்ததே. எண்பதுகளில் மேற்கு மிட்லாந்துப் பகுதியின் ஆலைத்தொழில் பெருவாரியாக அழிந்தது. ஆலையின் கதவு ஒருநாளிற் சாத்தப்படும். அதன் விளைவோ இரண்டு தலைமுறைக்கு நீளும். கருவியோ பேரன் வாயிற்படியில் அமர்ந்திருப்பதை மட்டுங் காண்கின்றது. பாட்டன் ஆலைக்குச் சென்ற வழி அதன் கண்ணுக்குத் தெரியாது.

மடியையும் வறுமையையும் ஒன்றாக்குதல் எளிது. வள்ளுவர் அவ்வாறு செய்திலர் என்பதை மாணவர் கவனித்தல் நன்று. மடியின்மை என ஓரதிகாரத்தை அரசியலில் வைத்த அவர், நல்குரவு என வேறோர் அதிகாரத்தைத் தொலைவிற் கொண்டுபோய் வைத்தார். நல்குரவுக்கு முன்னுள்ள உழவு அதிகாரத்தின் ஈற்றுக்குறளிலே, இல்லையெனச் சொல்லிச் சோம்பியிருப்பாரைக் கண்டு நிலமகள் நகுவாள் என்று அவர் இகழ்ந்தது உண்மையே. ஆனால் அங்கே நகுதற்கு ஒரு நிலம் இருக்கின்றது. உழுதற்கு நிலமிருந்தும் உழாதவனையே அவர் இகழ்ந்தார். ஆலை மூடப்பட்டவனைப் பார்த்து நகுதற்கு அங்கே யார் உளர்?

தொலைக்காட்சிதானே, பொழுதுபோக்குத்தானே எனச் சிலர் கூறக்கூடும். இத்தொடர்கள் வந்த காலத்தை நோக்குக. 2012 ஆம் ஆண்டிற் சேமநலச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. 2013 ஏப்பிரல் தொடக்கம், மன்ற வீடுகளிலும் சங்க வீடுகளிலும் வாழும் உழைக்கும் வயதினருள் தேவைக்கு மிஞ்சி ஓர் அறை உடையோர்க்கு வாடகை உதவியில் நூற்றுக்கு 14 பங்கும், இரண்டோ அதற்கு மேலோ உடையோர்க்கு 25 பங்கும் வெட்டப்பட்டன. சிறுவீட்டுக்கு மாறலாமே எனின், மாறுதற்குச் சிறுவீடு பல ஊர்களில் இல்லை. 2014 ஜனவரியில் 'பெனிபிற்ஸ் ஸ்றீற்' ஒளிபரப்பாகிக் கொண்டிருக்கையிற் பாராளுமன்றத்திலே அத்தொடர் பற்றிய வினா எழுந்தது. தொழில், ஓய்வூதிய அமைச்சராயிருந்த இயன் டன்கன் சிமித் அதற்கு விடையளிக்கையில், மக்கள் அதிற் கண்டவை சீர்திருத்தத்தின் தேவையைக் காட்டுகின்றன என்னும் போக்கிற் பேசினார். தொழில்முறைப் படத்தொகுப்பாளர் வெட்டி ஒட்டிய காட்சி சட்டமன்றத்திற் சான்றாயிற்று!

மக்களின் எண்ணத்துக்கும் உண்மைக்கும் எத்துணை இடைவெளி இருந்தது என்பதற்கு 2013 ஆம் ஆண்டில் இப்சோஸ் மோரி நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்புச் சான்றாகும். உதவிப்பணமாகக் கொடுக்கப்படும் ஒவ்வொரு 100 பவுணிலும் 24 பவுண் மோசடியாகப் பெறப்படுகின்றதென மக்கள் மதிப்பிட்டனர். அரசின் கணக்கோ 70 பென்ஸ் மட்டுமே. தொழிலற்றோர் உதவிப்பணத்துக்கே ஓய்வூதியத்தினும் மிகுதியாகச் செலவாகின்றது எனக் கருதியோர் நூற்றுக்கு 29 பேர். உண்மையில் ஓய்வூதியச் செலவு அதன் பதினைந்து மடங்கு. மற்றொரு செய்தி இதனினும் கருதத்தக்கது. அதே ஆண்டு டிசெம்பரில் ஜோசப் றவுண்ட்றீ நிதியம் வெளியிட்ட அறிக்கையின்படி, வறுமைக்கோட்டின்கீழ் வாழ்ந்தோருள் உழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர் 67 இலட்சம். உழைப்பற்ற குடும்பத்தாரும் ஓய்வுபெற்றோரும் சேர்ந்து 63 இலட்சம். அஃதாவது, வறியவருட் பெரும்பாலார் வேலைக்குப் போகும் குடும்பத்தார். அவர்களே படத்தில் இல்லாதவர், வேலைக்குப் போயிருந்தமையின்.

இத்தொடர்களிலும் நன்மை இல்லாமலில்லை. ஒருவர் கைப்பொருளை மற்றவர்க்குப் பகிர்தலும், அயல்வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பேணுதலும், துன்பத்திடையும் மாறாத நகைச்சுவையும் அவற்றில் வெளிப்பட்டன. 'பெனிபிற்ஸ் ஸ்றீற்' தொடரின் இரண்டாம் பகுதியிற் பழைய இரும்பு பொறுக்கிப் பிழைக்க முயன்ற ருமேனியரின் அல்லல் காட்டப்பட்டது. அவர்களைச் சோம்பேறிகள் என எவரும் சொல்லுதற்கில்லை. மறக்கப்பட்ட மக்களை நாட்டின் கண்முன் நிறுத்தினோம் எனத் தயாரிப்பாளர் கூறியதிலும் ஓரளவு உண்மையுண்டு. எனினும் கண்முன் நிறுத்துதல் வேறு, பேசவிடுதல் வேறு. 2015 ஆம் ஆண்டில் இரண்டாம் தொடருக்காக ஸ்ரொக்ரன் நகரின் கிங்ஸ்ரன் வீதிக்குச் சென்றபோது, முன்னதைக் கண்டிருந்த அந்நகரார் பலர் எதிர்த்தனர். அத்தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரும் எதிர்த்தார். தொடர் வந்தே தீர்ந்தது.

இதே மக்களைப் பற்றி வேறு வகையாக எழுதினோரும் உளர். லின்சி ஹான்லி என்பவர் பேர்மிங்காமுக்கு அருகிலுள்ள செல்ம்ஸ்லி வூட் என்னும் பெருங்குடியிருப்பில் வளர்ந்தவர். 2007 ஆம் ஆண்டிற் குடியிருப்புகளின் வரலாற்றைத் தம் வாழ்வோடிணைத்து நூலாக்கினார். லீசா மெக்கன்சி என்னும் சமூகவியலார் நொற்றிங்காம் நகரின் சென் ஆன்ஸ் குடியிருப்பிற் பல்லாண்டு வாழ்ந்து, அங்குள்ள தாய்மாரின் வாழ்வை ஆராய்ந்து 2015 இலே நூல் வெளியிட்டார். வெளியார் தம்மை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதை அம்மக்கள் நன்கு அறிவர் என்பதும், அந்நோக்கு அவர்களை மேன்மேலும் தம் எல்லைக்குள்ளேயே ஒடுங்கச் செய்கின்றது என்பதும் அந்நூலாற் புலனாகும். இவ்விரு நூல்களும் எம் கல்லூரி நூலகத்தில் இடம்பெறுமாயின் உயர்வகுப்பு மாணவர் பயனடைவர்.

ஒருவர் சொல்லைக் கேளாமை எத்துணைக் கொடிது என்பதற்கு இலண்டனிலேயே ஒரு சான்றுண்டு. கென்சிங்ரன் பகுதியின் லங்காஸ்ரர் வெஸ்ற் குடியிருப்பிலுள்ள கிறென்பெல் கோபுரம் இருபத்துநான்கு மாடி உடையதாயிருந்தது. தீப் பாதுகாப்புப் பற்றி அங்கு வாழ்ந்தோர் சிலர் மீண்டும் மீண்டும் எச்சரித்தனர். பேரழிவு நேர்ந்தாலொழிய எவரும் செவிசாயார் என 2016 நவம்பரில் எழுதியும் வைத்தனர். 2017 யூன் 14 ஆம் திகதி இரவு மூண்ட தீ, புறச்சுவரிற் புதிதாகப் பொருத்திய எளிதில் எரியும் தகடுகள் வழியே ஏறிப் பரந்தது. 72 பேர் மாண்டனர். 2024 செத்தெம்பரில் வெளிவந்த விசாரணைக்குழுவின் இறுதியறிக்கை, முகாமை செய்த நிறுவனம் முறையிட்டோருட் சிலரைக் கலகக்காரர்போற் கருதியதெனக் குறிப்பிடுகின்றது. முற்கூறிய தொடர்களுக்கும் இத்துன்பத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டென யாம் கூறோம். குடியிருப்பில் வாழ்வோன் முறையிட்டால் அவன் முறையிடும் இயல்பினன் என்று எண்ணும் மனப்பழக்கம் இரண்டிடத்தும் ஒன்றே என்பதை மட்டும் சொல்வோம்.

அதன் பின்னர்க் கருவி வேறொரு பக்கமும் திரும்பியது. 2021 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஐ.ரி.வி. செய்திப் பிரிவினர் தென்னிலண்டனில் குறொய்டன் மன்றத்துக்குரிய தொடர்மாடி வீடுகளுட் புகுந்து, கூரையிலிருந்து வழியும் நீரையும் கரும்பூஞ்சணம் படர்ந்த சுவர்களையும் காட்டினர். இங்கே குடியிருந்தோரின் குணத்தை ஆராய எவரும் முற்படவில்லை. சுவரைப் பார்த்தவுடன் அச்சுவர் யாருடையது என்னும் வினாவே எழுந்தது. 1935 ஆம் ஆண்டு ஸ்ரெப்னியிற் கண்ட முறை இதுவே. அதற்கு முன் 2020 டிசெம்பரில் றொச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பூஞ்சணம் படிந்த வீட்டில் வாழ்ந்து சுவாச நோயுற்று இறந்திருந்தது. பூஞ்சணமே காரணமென 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு கூறியது. 2023 ஆம் ஆண்டிற் சமூக வீடமைப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் வகுத்த விதிகள் இங்கிலாந்தில் 2025 ஒக்டோபர் 27 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன. ஈரக்கசிவும் பூஞ்சணமும் பற்றி வாடகையாளர் முறையிட்டாற் பத்து வேலைநாளுக்குள் வீட்டுரிமையாளர் வந்து ஆராய்தல் வேண்டும். உயிருக்கு உடனடி இடர் உளதாயின் இருபத்துநான்கு மணித்தியாலத்துள் அதனை நீக்குதல் வேண்டும்.